அடிக்கோடு

பிரேக்கை மிதித்த வேகத்தில் வண்டி நின்றது. அவள் கால்தான் நிற்கவில்லை. வண்டியின் அடித்தகரத்தைப் பொத்துக்கொண்டு கீழே போய் ரோட்டைத் தொட்டது.

அது நேற்று.

இன்று அதே கார் இழுவை வண்டியின் முதுகில் ஏறி, வாங்கிய பழைய கார் கடைக்கே வந்து இறங்கியது. வாங்கி இருபதே நாள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ் அவள். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. திங்கட்கிழமை காலையில் வண்டி இல்லையென்றால் வேறொருத்தி வந்துவிடுவாள்.

கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: 'நம்பிக்கையே எங்கள் முதலீடு.' அதற்குக் கீழே சங்கிலியில் ஒரு நாய். வருகிறவன், போகிறவன், சம்பளம் கொடுக்கிற முதலாளி, யாரையும் விடாமல் குரைக்கிற நாய்.

அப்பா பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார். நாய் வாலை ஆட்டியது.

கடிக்கிற நாய்க்குக்கூட இவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது போல, என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மேஸ்திரி எந்த ஷெட்டுக்குக் கை காட்டுகிறாரோ அங்கே போய் நிற்பார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது அவள்தான். புரியாத வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போடு, சாயங்காலம் வந்து கேளு என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து காதில் பென்சில் இல்லாமல் அவர் வேலைக்குப் போனதில்லை.

போன மாதம் ஒரு நாள் வந்து கேட்டார்: "இழப்பீடுன்னா என்ன பாப்பா?"

"ஒருத்தன் உனக்கு நஷ்டம் பண்ணிட்டா, அதுக்கு அவன் குடுக்கறது."

"அப்படி எவன் குடுக்கறான்?"

பேப்பர் எங்கே என்று கேட்டாள். வேலையில் செலவாகிவிட்டது என்றார்.

அதற்கு மூன்று நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அப்பா அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். கலர் நன்றாயிருக்கிறது என்றார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அவள் எரிந்து விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு நாளும் அதில் ஏறவில்லை. ஏசி ஒத்துக்கொள்ளாதாம்.

முதலாளி ஓட்டை வழியாகத் தரையை எட்டிப் பார்த்தார். ஏதோ புதுக் கண்டுபிடிப்பைப் பார்க்கிற மாதிரி ஆச்சரியப்பட்டார்.

"கோபப்படாதீங்க தங்கச்சி. ரெண்டு மாசம் என் கண்ணு முன்னாலயே நின்ன வண்டி இது. ஒருத்தன் கை வெச்சிருக்க மாட்டான். நீங்கதான் கொஞ்சம் அழுத்தி மிதிச்சிட்டீங்க."

"பிரேக்கைத் தடவியா குடுப்பாங்க சார்?"

முதலாளி பெருந்தன்மையான ஆள். ஓட்டையை மூட ஒரு ரப்பர் மேட் இலவசம் என்றார். அவள் அசையவில்லை. இரண்டு மேட் என்றார்.

"சரிங்க, நான் விக்கும்போதே இது இருந்துச்சுன்னு காட்டுங்க. மொத்தப் பணத்தையும் எண்ணிக் குடுத்து, டீயும் வாங்கிக் குடுத்து அனுப்பறேன்."

அவள் எதைக் காட்டுவாள்? ஓட்டையை அடைத்திருந்தது எதுவோ, அது நேற்றே ரோட்டில் உதிர்ந்து லாரிச் சக்கரத்தோடு போய்விட்டது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அப்பா செருமினார்.

"பாப்பா, இடது பக்க சீட்டுக்கு அடியில தட்டிப் பாரு."

தட்டினாள். தகரம் மாதிரிக் கேட்கவில்லை. பூசணிக்காயைத் தட்டின மாதிரி இருந்தது.

இழுவை வண்டிக்காரர் ஸ்குரூ டிரைவரை நீட்டினார். ஒரே நெம்பல். மேலே அடித்த பெயின்டோடு பட்டிப் பூச்சு, பிஸ்கட் மாதிரி விண்டுகொண்டு வந்தது. உள்ளே உள்ளங்கை அகல ஓட்டை. அதற்குள் சுருட்டித் திணித்த செய்தித்தாள்.

"பழைய ஓனர் பண்ணின திருட்டு வேலை! பாருங்க, என்னையே ஏமாத்தியிருக்கான்" என்று முதலாளி நெஞ்சில் கை வைத்தார்.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். மேலே தேதி இருந்தது. அவள் கார் வாங்குவதற்கு மூன்று நாள் முந்தைய தேதி. வண்டி அவர் கண் முன்னாலேயே நின்ற தேதி.

முதலாளி நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"யோவ், அங்க ஓட்டை இருக்குன்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

அப்பா காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்தது.

அவள் தலைப்பை வாசித்தாள். 'பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு.' சிரிப்பு வந்தது. முதலாளிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே தொடர்ந்தாள்.

"விற்கும்போதே குறை இருந்திருந்தால், முப்பது நாட்களுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து..."

அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. பட்டி கல்லாக உறைந்திருந்தது.

"...முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். அலைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம்."

சுவரோரத்திலிருந்து வந்தது குரல். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி. அப்பாவின் கையில் காகிதம் ஏதும் இல்லை.

அவள் நகத்தால் பட்டியைச் சுரண்டினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரே ஒரு சொல் வெளியே வந்தது: இழப்பீடு.

அதன் கீழே, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, கோணாமல் ஒரு பென்சில் கோடு.