டவர் அளக்கும் நேரம்

“எல்லாரும் போனை ஆஃப் பண்ணி இந்தப் பானைக்குள்ள போடுங்கலா! போன் டவர் கதிர அளக்குற ஆபீசர் வந்துட்டாரு.”

செமோர் ஊர் வீட்டு ஹாலில் ஆளுக்கொரு மூலையில் போனுக்குள் தலையைக் கவிழ்த்திருந்த மூன்று பிள்ளைகளும் நிமிர்ந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள். எதிரே அம்மா ரோசம்மா காலிப் பானையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“போனை எதுக்கும்மா?” என்றாள் மகள் கிறிஸ்டின்.

“போன் ஓடுனா மீட்டரக் காச்சாவ் பண்ணிக் கொழப்பிருமாம். அரசாங்கம் வச்ச வரம்புக்கு மேல கதிர் வருதா இல்லையான்னு தெரியாமப் போயிரும். அப்புறம் உங்கம்மாதான் மண்டையிடியில கெடப்பா.”

மூத்தவன் கோலின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வேலியோரம் ஒருவர் மீட்டரை உயர்த்திப் பிடித்தபடி மெல்ல நடந்துகொண்டிருந்தார். அவனுக்குப் பக்கென்றது. வீட்டுக்குப் பின்பக்கம் டவர் எழும்பியதிலிருந்து அம்மா தலைவலி, தலைவலி என்று புலம்பியிருக்கிறாள். அளவு மீறியிருந்தால் அவளை இங்கே விட்டுவைக்க முடியாது. அம்மாவோ இந்த வீட்டைவிட்டு ஓரடி நகரமாட்டாள். முதல் ஆளாகத் தன் போனைப் பானையில் போட்டான்.

வாய் எத்தனை நேரம் சும்மா இருக்கும்? சாப்பாடு வந்தது, கூடவே பேச்சும் வந்தது. தெலுக் இந்தானில் ஒரு பெண்ணைக் காதலிப்பதைத் தம்பி நைஜல் உளறிவிட்டான்.

“அடப்பாவி! பேரென்னடா?”

“பிரமிளா.”

“இத்தன நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்றாள் ரோசம்மா.

கிறிஸ்டினுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இந்த வீடு இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று கோலின் நினைத்துக்கொண்டான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். ஆபீசர் மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், எங்க வீட்டுல அளவு கூடவா இருக்கு? மறைக்காம சொல்லுங்க.”

“ரோசம்மா அக்கா வீடா? அத போன மாசமே அளந்தாச்சே! வரம்புல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. சொன்னதும் தலவலியே பறந்துருச்சுன்னு சிரிச்சாங்க. இன்னைக்கு நான் வந்தது பக்கத்து வீட்டுக்குலா.”

“அப்போ போனை ஆஃப் பண்ணச் சொன்னது?”

“நானா? யாரையும் சொல்லலையே!”

கோலின் உள்ளே திரும்பினான். பானையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

“இன்னும் அளந்து முடியலையாம், அம்மா,” என்றான் கோலின். “சாயங்காலம் வரைக்கும் யாரும் போனைத் தொடக்கூடாதாம்.”