பிக்கப்புக்கு வக்காலத்து

“காரை விட்டுடுங்க தம்பி. அந்தப் பிக்கப்பை எடுங்க.”

மூன்றாவது தடவையாக இதைச் சொன்னார் குடைக்காரர். டைல்ஸ் ஒட்டும் அந்த இளைஞனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பழைய வண்டிகளைப் புரோக்கர் விற்றுத்தரும் மைதானம் அது. யாரும் கூப்பிடாமலே குடையும் கையுமாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

எதிரே இரண்டு வண்டிகள். ஆறு வருடம் ஓடிய வெள்ளைக் கார், முகம் பார்க்கலாம் போல மின்னியது. பக்கத்தில் சரக்கு ஏற்றும் பதினைந்து வயதுப் பிக்கப். பெயின்ட் உரிந்து, மூக்கு நசுங்கி, விலையும் காரில் பாதிதான்.

“ஏங்க, கொஞ்சம் உக்காரணும்” என்றாள் அவன் மனைவி. எட்டு மாத வயிறு. போன வாரம் திடீரென்று வலி வந்தபோது வேறு வண்டி கிடைக்காமல், அவளை ஸ்கூட்டரில் வைத்து ஒவ்வொரு குழியாக இறக்கி ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்திருந்தான். அடுத்த வலிக்குள் கார் வாங்கிவிடுவதென்று அன்றே முடிவெடுத்துவிட்டான்.

புரோக்கர் காரின் பின்கதவை இரண்டு முறை இழுத்தார், வரவில்லை. குடைக்காரர் கைப்பிடியைச் சற்றே மேலே தூக்கித் தோளால் ஒரு இடி இடித்தார்; திறந்துகொண்டது. அவள் ஏறி உட்காரும்வரை வெயில் படாமல் குடையும் பிடித்தார்.

“உள்ள என்ன, சென்ட் வாசனை குமட்டுது?”

“அதாம்மா விஷயமே! மூணு நாள் மழைத்தண்ணில முழுகிக் கிடந்த காரும்மா இது, அந்த நாத்தத்தை மறைக்கத்தான் சென்ட். எங்க ஓடும், எங்க நிக்கும்னு அதுக்கே தெரியாது. பிக்கப் பாக்கத்தான் அசிங்கம். நடுவழில காலை வாராது.”

“என் பொண்டாட்டியை சிமென்ட் மூட்டையாட்டம் ஏத்திட்டுப் போகச் சொல்றீங்களா?”

“முன்னாடி சீட் இருக்கே தம்பி. தலகாணி போட்டுக்கலாம்.”

“தலகாணியாம்ல!”

புரோக்கர் சிரித்தார். “உங்களுக்கு விஷயம் தெரியாதா சார்? அந்தப் பிக்கப்பே இவரோடதுதான். ரெண்டு மாசமா விலை போகல.”

அவ்வளவுதான், இளைஞன் வெடித்தான்.

“ஓகோ, இதான் சங்கதியா? உங்க தகரத்தை என் தலைல கட்டத்தான் இவ்வளவு கரிசனமா? புள்ளத்தாச்சிக்குக் குடை புடிச்சு வியாபாரம் பண்றீங்களே, வெக்கமா இல்ல?”

மைதானமே திரும்பிப் பார்த்தது. குடைக்காரர் தலை கவிழ்ந்தார். “பிக்கப் என்னோடதுதான். இல்லேன்னு சொல்லல.”

“அதுக்காக நல்ல கார் மேல பழி போடுவீங்களா? அது முழுகினதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“அந்தாளை விடுங்க சார். வாங்க, கையெழுத்தைப் போட்டுடலாம்.” புரோக்கர் அவசரமாக இளைஞனின் கையைப் பிடித்து இழுத்தார்.

குடைக்காரர் காருக்குள் இருந்தவளைப் பார்த்தார். யாரையோ வேண்டிக்கொள்வதுபோல் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

“பாத்தேன் தம்பி. காரும் என்னோடதுதான்.”