குனியாத சம்பந்தி

"நான் இருக்கேன், ரஞ்சன் இருக்கான். பொண்ணு ஹம்சினி, அவ அம்மா அனந்தலக்ஷ்மி, நீங்க, எல்லாரும் இருக்கோம். தட்டை எடுக்க இன்னும் யார் ஸார் வரணும்?"

வெங்கடநாராயணன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரிப்பு உதட்டோடு நின்றது. தம்பி இறந்த பிறகு அவன் மகன் ரஞ்சனை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவனுடைய நிச்சயதார்த்தத்துக்காக கல்கத்தாவின் டாலிகஞ்சிலிருந்து லேக் கார்டன்ஸிலிருந்த பெண் வீட்டுக்கு வந்திருந்தார்.

ஜமக்காளத்தில் வெற்றிலை, தேங்காய், சந்தேஷ் இனிப்புடன் இரண்டு தட்டுகள். பெண்ணின் அப்பா குனிந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். தட்டு மாறினால்தான் நிச்சயம்.

அப்பா கோவிந்தராஜனோ நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"அனந்தலக்ஷ்மி எடுத்துத் தருவா. வாங்கிக்கோங்கோ."

"நீங்கதான் எடுக்கணும். எங்காத்து வழக்கம் அது."

"மன்னிக்கணும். அவதான் எடுப்பா."

சாந்த்ராகாச்சியிலிருந்து தங்கை மாதங்கி போனில் சொன்னது வெங்கடநாராயணனுக்கு நினைவு வந்தது. 'நேவிக்காரர். மெடல் வாங்கினதிலேர்ந்து ரொம்பத் திமிராம். யாருக்கும் குனிய மாட்டாராம். பார்த்துக்கோ.'

"போர் விமானம் ஓட்டினவராமே நீங்க?"

"ஓட்டலை. பின் ஸீட். ராடாரைப் பார்த்து முன்னாடி ஓட்டறவனுக்கு வழி சொல்லணும். பதினெட்டு வருஷம். நடுக்கடல்ல, கப்பல் மேல நானூறு தடவை இறங்கியிருக்கேன்."

"பின் ஸீட்டா? கல்கத்தாவுல டாக்ஸி டிரைவரே பின் ஸீட்காரன் பேச்சைக் கேக்கறதில்லை."

"எங்க டிரைவர் கேப்பான். கேக்கலைன்னா கடல்தான்."

ஹம்சினி சிரித்துவிட்டு, பெரியவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மெடல் எதுக்குக் கொடுத்தா?"

"கொடுத்தா. வாங்கிண்டேன்."

வெங்கடநாராயணன் எழுந்தார். "ரஞ்சன், செருப்பைப் போட்டுக்கோ. இவ்வளவு கர்வம் பிடிச்ச இடத்துல நாம சம்பந்தம் பண்ணிக்கறதா இல்லை."

ஹம்சினியின் முகம் வெளுத்தது. "அப்பா, சொல்லிடுங்கோளேன்."

"கூடாது" என்றார் கோவிந்தராஜன்.

ரஞ்சன் வாசல் பக்கம் நகரவில்லை. "பெரியப்பா, ஒரு நிமிஷம்" என்று அவரைப் பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

வெங்கடநாராயணன் திரும்பி வந்தார். தாமே குனிந்து பெண் வீட்டுத் தட்டை எடுத்தார். கோவிந்தராஜனின் கையில் வைத்தார். அதே கையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

கோவிந்தராஜன் புருவத்தை உயர்த்தினார். "உங்காத்து வழக்கம்?"

"இன்னிலேர்ந்து இதுதான்."

மாலையில் மாதங்கி கூப்பிட்டாள். "நிச்சயம் ஆயிடுத்தா? அந்த மனுஷர் கடைசியில குனிஞ்சாரா இல்லையா? பிறந்ததிலேர்ந்து குனிஞ்சதே கிடையாதுன்னு பேசிக்கறா."

"தப்பு" என்றார் வெங்கடநாராயணன். "ஒரு தடவை குனிஞ்சிருக்கார். விமானம் கடல்ல விழப்போறது. முன்னாடி ஓட்டின பையன் மயங்கிட்டான். ரெண்டு ஸீட்டையும் வெளியில தூக்கி எறியற கைப்பிடி இவர் முழங்காலுக்குக் கீழே சிக்கிண்டுடுத்து. குனிஞ்சபடி இழுத்தா முதுகெலும்பு ஒடியும்னு தெரிஞ்சேதான் இழுத்தார். அந்தப் பையன் பிழைச்சான். இவர் முதுகுல எட்டு ஸ்க்ரூ."