வாளி கொடுக்க வந்த உயரம்

ஆளை நிற்கவைத்து மேலே தூக்கும் சிசர் லிஃப்ட் தன்னால் முடிந்த இருபதடியும் உயர்ந்து நின்றுவிட்டது. பெயின்டர் மாசிலாமணியின் பிரஷுக்குக் கூரையின் மூலை இன்னும் ஒரு அடி எட்டவில்லை. காலிப் பெயின்ட் வாளியை எடுத்து, தான் நின்ற லிஃப்ட் தளத்தின் ஓரத்தில் கவிழ்த்துப் போட்டார்.

வாளிக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு பெரிய இயந்திரத்தால் முடியாத உயரத்தை நான் கொடுக்கப்போகிறேன், பார்" என்று தளத்தைச் சுற்றியிருந்த தடுப்புக் கம்பியிடம் பீற்றிக்கொண்டது.

"இப்போது நான் அவருக்கு இடுப்பு உயரம்" என்றது கம்பி. "உன்மேல் ஏறினால் தொடை உயரம்தான்."

"அதனாலென்ன? சாய்ந்தால் பிடித்துக்கொள்ள மாட்டாயா?"

"இடுப்பில் சாய்ந்தால் பிடிப்பேன். தொடையில் இடித்தால் அவரைக் கவிழ்த்துவிடுவதே நானாகத்தான் இருக்கும்."

வாளி கீழே பார்த்தது. சிமெண்டுத் தரை எங்கோ கிடந்தது. அதற்குள் அவருடைய வலது கால் அதன்மேல் ஏறிவிட்டது. இடது குதிகாலும் மெல்ல எழும்பியது.

வாளி கண்ணை மூடிக்கொண்டு, அடியிலிருந்து விளிம்புவரை தன்னைத்தானே பிளந்துகொண்டது.

வலது கால் தொப்பென்று தளத்துக்கே திரும்பியது. "ஒண்ணுத்துக்கும் உதவாத வாளி" என்று ஒதுக்கித் தள்ளினார் மாசிலாமணி.

இரண்டு காலையும் தளத்தில் ஊன்றிக்கொண்டு அவர் திட்டத் திட்ட, மூலையில் கிடந்த வாளி ஆசைதீரக் கேட்டுக்கொண்டிருந்தது.