கால் மணி நேர மாணவர்

"தினமும் ராத்திரி எட்டு மணி ஆனா, யாரோ ஒருத்தர் உங்களையே பார்த்துக்கிட்டு இருக்கார் மேடம்."

பேராசிரியை விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனா மட்டும் ஒரு கணம் நின்றது. "யாரு?"

"அதுதான் தெரியல." பயிற்சியாளர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பேராசிரியர்கள் தங்கள் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்யப் பழக்குவதற்கென்றே பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு வைத்திருந்தது. மைக்கும் ஒயருமாக அறை அறையாக ஏறி இறங்கியதில் அவருக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். பாதிப் பேர் முதல் பாடத்தோடு பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஆனாலும் பருவம் முழுவதற்கும் பதிவு செய்து முடித்தது இவள் ஒருத்திதான். வெப்ப இயக்கவியல்.

"யாரும் பார்க்காத பாடங்களை அழிச்சிடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. இன்னைக்குத்தான் கடைசி. உங்களுக்கு ஒரே ஒருத்தராவது இருக்காரே, அழிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"எவ்வளவு நேரம் பார்க்கறார்?"

"கால் மணி நேரம். அதுக்கப்புறம் அப்படியே நின்னுடும். மறுநாள் திரும்பவும் முதல்லேருந்து ஆரம்பிப்பார். எப்பவும் அந்த முதல் பாடம்தான்."

"கால் மணி நேரம் தாங்கறாரா? என் வகுப்புல அஞ்சாவது நிமிஷமே குறட்டை கேக்கும்." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "பசங்க எனக்கு என்ன பேர் வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். 'தாலாட்டு'. வராந்தாவில் அவள் நடந்து போனால் பின்னாலிருந்து மெல்லிய குரலில் யாராவது ஆராரோ பாடுவார்கள். பயிற்சியாளர் எதுவும் தெரியாதவர் போல ஒயரைச் சுருட்டினார்.

"அவர் நம்ம மாணவர் இல்ல மேடம். மாணவர்னா பதிவு எண் காட்டும். எப்படியோ லிங்க் கையில கிடைச்ச யாரோ. ஒரு வேடிக்கை பாருங்க, சனி ஞாயிறுல மட்டும் ஆளு எட்டிக்கூடப் பார்க்கறதில்ல."

"அவருக்காவது முழுசா லீவு கிடைக்குதே."

அவளுடைய லீவு வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் தொடங்கி, திங்கள்கிழமை விடியற்காலை பஸ்ஸில் முடிந்துவிடும். இடையில் கிடைக்கும் இரண்டு நாட்களில்தான் ஊரிலிருக்கும் கணவரும் மூன்று வயது மகளும்.

மற்ற நாட்களில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அவள் போன் செய்தால், "இப்பத்தான் தூங்கினா" என்பார் கணவர். சீக்கிரமே செய்தாலோ, போனில் பேசச் சொன்னதும் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். போன வாரம் இவள் பையோடு உள்ளே நுழைந்தபோது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது.

அவள் பேனாவை மூடினாள். "அழிச்சிடுங்க சார்."

"மேடம், இதை எடுக்க நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு சொல்லிக்கிட்டே எடுத்தீங்க. தொண்டை கட்டினப்பக்கூட விடல."

"அதனாலதான் சொல்றேன். இந்த வருஷத்தோட வேலையையே விட்டுடலாம்னு இருக்கேன். என் குரலைக் கேக்க இங்கயும் ஆள் இல்ல, வீட்லயும் ஆள் இல்ல. கேட்டுட்டுத் தூங்கிப்போற ஒருத்தருக்காக இதைக் கட்டிக்காத்துக்கிட்டு இருக்கணுமா?"

அதற்கு மேல் வாதாட அவருக்கும் தெம்பில்லை. இன்னும் மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. ஒரு பொத்தானைத் தட்டினார். திரையிலிருந்து அவள் முகம் மறைந்தது.

"எடுத்தாச்சு. ஆனா நாளைக்குக் காலைல வரைக்கும் குப்பைத்தொட்டியில கிடக்கும். மனசு மாறினா ஒரு போன் போடுங்க. எந்நேரமும் மைக் வேலை செய்யலன்னு திட்டத்தான் எல்லாரும் கூப்பிடறாங்க. நீங்களாவது ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிடுங்க."

மாலையில் வாடகை அறைக்குத் திரும்பியவள் விளக்கைப் போட்டாள், முகம் கழுவினாள், மிச்சமிருந்த விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் வெள்ளிக்கிழமை வெகு தூரத்தில் இருந்தது.

எட்டரை மணி தாண்டியிருக்கும், போன் அடித்தது. கணவர். அவள் திடுக்கிட்டாள். குழந்தையைத் தூங்க வைக்கும் நேரம் என்பதால் அவர் எப்போதும் இந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார்.

எடுத்ததுமே குழந்தையின் அழுகைதான் முதலில் கேட்டது. விசும்பலாகத் தொடங்கி வெகுநேரமாகிவிட்ட, தொண்டை கம்மிப்போன அழுகை.

"என்னங்க ஆச்சு? காய்ச்சலா? விழுந்துட்டாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, பதறாதே. நீ முதன்முதலா வீடியோ எடுத்தப்போ, சத்தம் சரியா கேக்குதான்னு பார்க்கச் சொல்லி எனக்கு ஒரு லிங்க் அனுப்பினியே, ஞாபகம் இருக்கா? அது ஏன் இன்னைக்குத் திறக்க மாட்டேங்குது?"

"அதுவா? மொத்தப் பாடத்தையும் மத்தியானம் அழிச்சாச்சு." அவளுக்கு எரிச்சலாக வந்தது. "புள்ள இந்த அழுகை அழறா, இப்போ உங்களுக்கு வெப்ப இயக்கவியல் கேக்குதா?"

மறுமுனையில் அவர் குழந்தையைத் தோள் மாற்றிப் போடும் சத்தம் கேட்டது. பிறகு கணவரின் களைத்த குரல் தயங்கியது.

"காலேஜ்ல உனக்கு வச்சிருக்கற பேரைச் சொல்லி அன்னைக்கு அழுதியே, அதனாலதான் இதை உன்கிட்ட சொல்லாமலே இருந்தேன்."

"எதை?"

"நீ பாடம் நடத்தினாத்தான் பாப்பா தூங்குறா."