ஓர்னெல்லாவின் வளைய ரொட்டி

எங்கள் லூக்கா நகரத்தில், பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்குக் கோயிலில் நடக்கும் உறுதிபூசுதல் அன்று ஞானத்தந்தைதான் சோம்பும் உலர்திராட்சையும் போட்ட வளைய ரொட்டியை வாங்கிப் பிள்ளையின் கையில் மாட்டி, கோட்டைச் சுவர்மேல் ஒரு சுற்று கூட்டிப்போக வேண்டும். ஓர்னெல்லாவுக்கு நான் அதைச் செய்யவில்லை. அவள் அப்பனோடு ஏதோ வாய்த்தகராறு. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கோயில் படியில் அவள் மதியம்வரை வெறுங்கையோடு நின்றாளாம்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, இன்று அவள் மகளுக்கு உறுதிபூசுதல். என்னையும் கூப்பிட்டிருந்தாள். ரொட்டிக் கடைக்குப் போனேன்.

“இன்னொண்ணா நெல்லோ அண்ணே?” என்றாள் கடைக்கார எர்சிலியா. “காலையில நீங்க வாங்குனத அந்தப் புள்ள கையில மாட்டிக்கிட்டுப் போச்சே.”

“எந்தப் புள்ள?”

“உங்க ஞானமகள்னு நீங்கதானே சொன்னீங்க.”

ரொட்டியை வாங்கிக்கொண்டு சுவர்மேல் ஏறினேன். இருபதடி முன்னால் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தான். நான் எப்போதோ தூக்கிப்போட்ட பழுப்புக் கோட்டு. முழங்கையில் என் அம்மா தைத்த ஒட்டு. பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஓர்னெல்லா, பன்னிரண்டு வயசு, கையில் ரொட்டி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “அது யாரு?”

“பாக்காதம்மா,” என்றான் அவன், திரும்பாமலே. “அவருக்கு வெக்கமா இருக்கும்.”