கணக்கு தொடங்கும் இடம்

ஆற்றங்கரை பனியன் கம்பெனியின் கொடியில் ஒரு புது நீலப் பனியன் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஆற்றில் நின்ற கொக்கைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொண்டது.

"அக்கா, நான் பிறந்ததுல இருந்து குப்பைக்குப் போறவரைக்கும் கணக்குப் பார்த்துட்டாங்க. என்னால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லைன்னு கழுத்துல அட்டை மாட்டியிருக்காங்க, பாருங்க."

"பிறந்ததுன்னா எங்க தம்பி?"

"தையல் மெஷின்லதான்."

"அப்ப இந்த நீலம்?"

"அது சாயப்பட்டறையில ஏத்தினது. நான் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் கணக்குல வராதுங்க்கா."

கொக்கு தண்ணீரிலிருந்து ஒரு காலைத் தூக்கியது. முட்டிவரை நீலம்.

"அதுவும் சரிதான்" என்றது. "என் குஞ்சுங்க மூணும் முட்டைக்குள்ளேயே செத்துப்போச்சு. அதுங்களும் பிறக்கவே இல்லையே. எந்தக் கணக்குல வரப்போகுது?"